பெட்டி பிறகு வரட்டும்

நாகூர் இ.எம். ஹனீபாவின் கணீரென்ற குரலை ஒலிநாடாவில் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அவர் 2015-இல் மறைந்தார்; குரல் மறையவில்லை. இன்று அது விரலளவுப் பென்டிரைவில் அடங்கி, தொலைக்காட்சியோடு இணையும் சிறு பெட்டியின் வழியே ஒலிக்கிறது. சமயநல்லூரிலிருந்து மதுரைக் கடைவீதிக்குச் சென்று அப்பெட்டியை வாங்கும் நம்மவருள் பலர் விலையை மட்டுமே வினவுகின்றனர். வினவ வேண்டியது வேறன்றோ? இணையமின்றியும் நம் கோப்புகளை அது இயக்குமா? எம்பி3 பாடல்களை ஏறத்தாழ எல்லாப் பெட்டிகளும் ஏற்கும். படக் கோப்புகள் அவ்வாறல்ல. ஆதலின் நம் பென்டிரைவைக் கடையிலேயே செருகிப் பார்த்தபின் பணம் கொடுப்பதே அறிவுடைமை.

பெட்டி பழுதானால் வேறொன்று வாங்கலாம். பாட்டனார் நிக்காஹ் மேடையில் பேசிய ஒலிநாடா பூசணம் பூத்துப் போனால் எந்தக் கடையில் வாங்குவோம்? முதலில் அதனைக் கோப்பாக்கி, ஈரிடங்களில் காப்போம். பெட்டி பிறகு வரட்டும்.