எண்ணப்படாத குழந்தைகள்: தசைச்சிதைவு நோயும் சாதியும்

குழந்தைகளின் தசைச்சிதைவு நோய் குறித்துப் பேசும்போதெல்லாம், ‘சொந்தத்தில் கட்டியதால் வந்தது’ என்ற ஒற்றை விடையோடு உரையாடல் முடிக்கப்படுகிறது. அவ்விடையில் பாதி உண்மை உண்டு. முதுகெலும்புத் தசைச்சிதைவு போன்ற நோய்கள், தாய் தந்தை இருவரும் ஒரே மரபணுக் குறைபாட்டைச் சுமக்கும்போது குழந்தைக்கு வருகின்றன. உறவுமணத்தில் அதற்கான வாய்ப்பு கூடுகிறது. இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டு நகரில் 2013இல் வெளியான ஆய்வு, பாகிஸ்தான் வழிவந்த குடும்பங்களில் பிறவிக் குறைபாடுகள் மிகுந்திருப்பதற்கு வறுமை அன்று, உறவுமணமே பெரிதும் காரணம் என்றது. தமிழ்நாட்டிலோ உறவுமணம் எந்த ஒரு சாதிக்கும் உரியதன்று. அகமணமே சாதியின் உயிர்நாடி என்று அம்பேத்கர் 1916இலேயே நிறுவினார்.

ஆனால், சிறுவர்களிடம் பரவலாகக் காணப்படும் டுஷேன் தசைச்சிதைவு அவ்வகையைச் சேர்ந்ததன்று. எக்ஸ் குரோமோசோம் வழியே வரும் அந்நோய், ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினருக்குத் தாயிடமிருந்து வராமல் புதிதாகவே தோன்றுகிறது. யாரை மணந்தாலும் வரக்கூடும். தாயைக் குற்றவாளியாக்க அறிவியலில் இடமில்லை.

ஆக, நோய் யாருக்கு வருகிறது என்பதை மரபு தீர்மானிக்கிறது. எப்போது கண்டறியப்படுகிறது என்பதைச் சமூகநிலை தீர்மானிக்கிறது. வேடசந்தூர் வட்டாரக் காலனி ஒன்றிலிருந்து நூற்பாலைக்குக் கூலிக்குச் செல்லும் ஒரு தாயை எண்ணிப் பாருங்கள். மகன் அடிக்கடி விழுகிறான், தொடையில் கையூன்றி எழுகிறான், கெண்டைக்கால் பருத்திருக்கிறது. ‘சோம்பேறி’ என்கிறது பள்ளி. ‘சத்துக் குறைவு’ என்கிறார் மருந்துக்கடைக்காரர். இரத்தத்தில் கிரியேட்டின் கைனேஸ் அளவைப் பார்த்தாலே ஐயம் வலுத்துவிடும். ஆனால் அதற்காகத் திண்டுக்கல்லுக்கும் மதுரைக்கும் அலையும் ஒவ்வொரு நாளும் அவருக்குக் கூலியிழப்பு. நடை நிற்பதற்குமுன் தொடங்கும் ஸ்டீராய்டு மருந்து, நடக்கும் காலத்தைச் சில ஆண்டுகள் நீட்டிக்கும். தவறவிட்ட ஆண்டுகள் திரும்புவதில்லை.

சட்டம் இதை அறியாமலில்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, தசைச்சிதைவை 21 வகைக் குறைபாடுகளுள் ஒன்றாக ஏற்கிறது. பாதிப்புக்கு உள்ளாகக்கூடியவர்களைக் கண்டறிய, ஆண்டுக்கு ஒருமுறையேனும் எல்லாக் குழந்தைகளையும் பரிசோதிக்க வேண்டும் என்கிறது அதன் 25ஆம் பிரிவு. தசைச்சிதைவு நோயாளிகளுக்கு மாநில அரசு மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை வழங்குகிறது. சான்றிதழ் இல்லாதவருக்கு அதுவும் எட்டாது; நோய் கண்டறியப்படாதவருக்குச் சான்றிதழே இல்லை.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி மாற்றுத்திறனாளிகளின் விகிதம் நாட்டளவில் 2.21 விழுக்காடு, பட்டியல் சாதியினரிடையே 2.45. தசைச்சிதைவுக்கு அதில் தனி வகை இல்லை; ‘இயக்கக் குறைபாடு’ என்ற சொல்லுக்குள் அக்குழந்தைகள் மறைந்துபோயினர். எண்ணப்படாதவர்களுக்கு நிதி ஒதுக்கப்படுவதில்லை.

எனவே நம் கோரிக்கைகள் தெளிவானவை. நிலக்கோட்டை, வேடசந்தூர், நத்தம் பகுதிக் காலனிகளின் அங்கன்வாடிகளிலும் பள்ளிகளிலும் 25ஆம் பிரிவின்படி ஆண்டுப் பரிசோதனை நடத்தப்பட வேண்டும். கண்டறியும் இடத்திலேயே சான்றிதழுக்கான முகாம் கூட்டப்பட வேண்டும். மருத்துவமனைக்கு அலையும் நாள்களுக்குத் தாய்க்குக் கூலி ஈடு செய்யப்பட வேண்டும். அடுத்த கணக்கெடுப்பில் 21 குறைபாடுகளும் சாதிவாரியாகப் பதியப்பட வேண்டும். இவை கருணைக்கான வேண்டுகோள்கள் அல்ல. சட்டம் ஏற்கெனவே ஒப்புக்கொண்ட கடன்களும் அவற்றை நிறைவேற்றத் தேவையான வழிகளுமே.