சொன்னவரை விட்டுவிட்டோம்

பழமொழிகளைக் காப்பாற்றிவிட்டதாகவே நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். 1874-இல் பீட்டர் பெர்சிவல் ஆறாயிரத்துக்கும் மேல் திரட்டி அச்சிட்டார். 1897-இல் ஜென்சன் பொருள்வாரியாகப் பிரித்துத் தந்தார். கி.வா.ஜகந்நாதன் நான்கு தொகுதிகளில் இருபதாயிரத்துக்கும் மேல் சேர்த்தார். அந்த உழைப்புக்குப் பின்வந்த நாம் என்ன செய்தோம்? அவற்றையே அகரவரிசையில் திரும்பத் திரும்ப அச்சிட்டோம். தினசரிக் காலண்டரின் அடியில் போட்டோம். பிள்ளைகளுக்குத் தேர்வுக் கேள்வியாக்கினோம். எந்த ஊரில், யார், யாரிடம், எதற்காகச் சொன்னார்கள் என்று கேட்டு எழுதியவர்கள் மிகச் சிலரே.

தொல்காப்பியர் முதுமொழிக்கு இலக்கணம் சொல்லும்போது சுருக்கத்தையும் நுட்பத்தையும் மட்டும் சொல்லி நிறுத்தவில்லை. கருதிய பொருளை நிலைநாட்ட ஏதுவாக வரவேண்டும் என்கிறார். வழக்கு ஒன்று இருந்தால்தான் பழமொழிக்கு வேலை.

தகப்பன் படுக்கையில் கிடந்தபோது எட்டிப் பார்க்காத மகன், பாகம் பிரிக்கும் அன்று வந்து முன்வரிசையில் உட்காருகிறான். அத்தை அவன் முகத்தைப் பார்ப்பதில்லை. வெற்றிலைக் காம்பைக் கிள்ளியபடி பக்கத்திலிருப்பவளிடம், “உழுகிற நாளில் ஊருக்குப் போனவன், அறுக்கிற நாளில் அரிவாளோடு வந்தானாம்” என்கிறாள். சபையில் நேருக்கு நேர் பேச முடியாதவள் தீர்ப்பையே சொல்லி முடித்துவிடுகிறாள். நம் புத்தகங்களில் இது ‘உ’ வரிசையில் கிடக்கிறது, அத்தை இல்லாமல்.

இதைவிட வருத்தம் தருவது ஒன்றுண்டு. சாதியை இழித்தும் கைம்பெண்ணைத் தூற்றியும் எத்தனையோ சொலவடைகள் நம்மிடம் புழங்கின. அவற்றால் காயப்பட்டவர்களிடம் நாம் பேசவில்லை. சில தொகுப்புகளில் சத்தமில்லாமல் நீக்கினோம். மற்றவற்றுக்கு, ‘உண்மையான பொருள் வேறு’ என்று ஆதாரமில்லாத கதை கட்டி வாட்ஸ்அப்பில் பரப்பினோம். முன்னோர் பெருமையைக் காக்கிறோம் என்று நம்பி, அவர்கள் வாழ்ந்த வாழ்வின் சாட்சியத்தை அழித்துக்கொண்டிருக்கிறோம்.

நடவு வயலிலும் களத்துமேட்டிலும் கூடி வேலை செய்த இடங்களில்தான் சொலவடைகள் பலவும் விளைந்தன. அங்கே இன்று நடவு இயந்திரமும் அறுவடை இயந்திரமும் ஓடுகின்றன. அந்த வேலையைச் செய்த பெண்களில் பலர் இன்னும் இருக்கிறார்கள். சொலவடை சொல்லித்தான் பேசுகிறார்கள். பதிவு செய்யும் கருவி நம் சட்டைப்பையிலேயே இருக்கிறது. ‘இதை எப்போது சொல்வீங்க, யாருக்குச் சொல்வீங்க’ என்று அவர்களிடம் நாம் இன்றுவரை கேட்கவில்லை.