தலையில் அடியா? கஷாயத்துக்கு நேரமில்லை!

போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. ஒரு அம்மா பதறிக்கொண்டு வந்தார். முந்தின நாள் ராத்திரி மகன் பைக்கிலிருந்து விழுந்துவிட்டானாம். வெளிக்காயம் ஒன்றுமில்லை. ஆனால் கடுமையான தலைவலி, மூன்று முறை வாந்தி, எழுப்பினாலும் தூங்கி வழிகிறான்.

"தலையில நீர் கோத்திருக்கு போல ஐயா. நீர் பிரிய ஒரு கஷாயம் குடுங்க" என்றார்.

"கஷாயம் கிடக்கட்டும்மா. உடனே 108-ஐக் கூப்பிட்டு, பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்க" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? மண்டை ஓடு ஒரு மூடிய பெட்டி. உள்ளே மூளை வீங்கினாலோ, ரத்தம் கட்டினாலோ விரிவதற்கு இடமில்லை. அழுத்தம் ஏறி உயிருக்கே ஆபத்தாகும். அழுத்தம் ஏறிய அறிகுறி தெரிந்தால் ஆஸ்பத்திரியில் மானிடால் என்ற மருந்தை ரத்தக்குழாய் வழியே ஏற்றுவார்கள். பெரும்பாலும் 20 சதவீதக் கரைசல்.

நறுக்கிய மாங்காயில் உப்பைத் தூவினால் நீர் விடுகிறதல்லவா? அதே தத்துவம்தான். மானிடால் மூளைக்குள் எளிதில் நுழையாது. ரத்தத்தில் நின்றபடி மூளையிலுள்ள நீரை இழுத்து, பிறகு சிறுநீரோடு வெளியேறும். அரை மணி நேரத்துக்குள் அழுத்தம் இறங்கத் தொடங்கும். சில மணி நேரம் தாங்கும். அந்த அவகாசத்தில் ஸ்கேன் எடுத்து, ரத்தக்கட்டு இருந்தால் ஆபரேஷன் செய்யலாம். இதுவும் விளையாட்டு மருந்தல்ல. சிறுநீரகம் பழுதானவர்களுக்கு ஆகாது. ரத்தத்தில் உப்புச் சத்து மாறும். அதனால்தான் டாக்டர் கண்காணிப்பு கட்டாயம்.

நம்மிடமும் நீர்முள்ளி, நெருஞ்சில் உண்டு. நானே தருகிறேன். ஆனால் அவை சிறுநீரைப் பெருக்கும். மூளை வீக்கத்துக்கு உதவாது. மானிடாலையே வாயால் குடித்தாலும் பேதிதான் ஆகும்! அதோடு, அரை மயக்கத்தில் இருப்பவர் வாயில் எதை ஊற்றினாலும் புரையேறி மூச்சுக்குழலுக்குள் போய்விடும்.

அடிபட்டபின் தொடர்ந்து வாந்தி, தூக்கக் கலக்கம், வலிப்பு, கை கால் தளர்ச்சி, ஒரு கண்ணின் பாவை மட்டும் பெரிதாவது... இதில் ஒன்று இருந்தாலும் வைத்தியரைத் தேடாதீர்கள். தன் எல்லை தெரியாத வைத்தியர்களால்தான் சித்த மருத்துவத்துக்குக் கெட்ட பெயர் என்பது என் கருத்து.

அந்தப் பையன் பிழைத்துவிட்டான். அண்மையில் அஜீரணம் என்று என்னிடம் வந்தான். அதற்கு நான் போதும்!