ஒரே வாளி போதாது

புதுச்சேரி நகரக் குப்பை போய்ச் சேரும் குரும்பாபேட்டில்தான் பெருந்தலைவர் காமராஜர் வேளாண் அறிவியல் நிலையமும் இருக்கிறது. எருவாக வேண்டியதும், எரு தயாரிக்கக் கற்றுத்தரும் இடமும் ஒரே ஊரில்!

முன்பெல்லாம் நகரக் குப்பையை உழவர்கள் வண்டி கட்டி வயலுக்கு எடுத்துப்போனார்கள். இன்று இலவசமாகக் கொடுத்தாலும் யோசிக்கிறார்கள். அது நியாயம்தான். கண்ணாடிச் சில்லு நடவாட்களின் காலைக் கிழிக்கும். பேட்டரியிலிருந்து கசிந்த கன உலோகத்தை எந்தச் சல்லடையாலும் பிரிக்க முடியாது. வீட்டிலேயே தரம் பிரிப்பதை 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு விதிகள் கட்டாயமாக்கின. பல வீடுகளில் இன்னும் ஒரே வாளிதான்.

காய்கறித் தோலை மட்டும் தொட்டியில் போட்டால் நாறும். அதில் ஈரமும் தழைச்சத்தும் அதிகம், கரிமம் குறைவு. அளவில் ஒரு பங்கு கழிவுக்கு இரண்டு பங்கு காய்ந்த சருகு சேர்த்து, சாணக் கரைசல் தெளித்து, வாரம் ஒருமுறை கிளறுங்கள். இரண்டு மூன்று மாதத்தில் கருப்பாக, மண்வாசனையோடு உதிரும். மீன் கழிவை (நம் ஊரில் அதற்கா பஞ்சம்?) இதில் கலக்காதீர்கள். சம எடை வெல்லத்துடன் மூடி ஊறவைத்தால் மீன் அமிலம் கிடைக்கும்.

விரிவாக்கப் பணியாளர்கள் இந்தச் செயல்விளக்கத்தை வயலோடு நிறுத்தாமல் நகரத் தெருக்களிலும் நடத்த வேண்டும். பெரிய மார்க்கெட் காய்கறிக் கழிவிலிருந்தே தொடங்கலாம். அங்கே பிரிக்கும் வேலை குறைவு.