‘ஒரு கப்’னா எவ்வளவு? ரெசிபிக்கு கிராம் கணக்கு ஏன் அவசியம்?

‘ஒன்றரை கப் மைதா, ஒரு கப் சர்க்கரை, 3 முட்டை.’ கேக் ரெசிபி வீடியோக்கள் பெரும்பாலும் இப்படித்தான் ஆரம்பிக்கும். சரி, எந்த கப்? அமெரிக்க ரெசிபியில் கப் என்றால் சுமார் 240 மி.லி. ஆஸ்திரேலியாவில் 250 மி.லி. ரைஸ் குக்கரோடு வரும் கப் பெரும்பாலும் 180 மி.லி.தான். வீட்டு டம்ளருக்கோ கணக்கே கிடையாது.

‘எங்க பாட்டி டம்ளர்லதானே அளந்தாங்க?’ என்று கேட்கலாம். பாட்டி அளந்தது விகிதம். 4 டம்ளர் இட்லி அரிசிக்கு 1 டம்ளர் உளுந்து. டம்ளர் பெரிதோ சிறிதோ, இரண்டையும் ஒரே டம்ளரில் அளந்தால் இட்லி சரியாக வரும்.

கேக்கில் அந்த வித்தை பலிக்காது. முட்டை உங்கள் கப்புக்கு ஏற்றபடி சிறிதாகாது. 240 மி.லி. கப்பில் மைதா சுமார் 120 கிராம். அதே ரெசிபியை 180 மி.லி. கப்பில் அளந்தால் மாவில் கால் பங்கு காணாமல் போகும், முட்டை மட்டும் அப்படியே இருக்கும். ஒரே கப்பிலும் மாவை அழுத்தி நிரப்பினால் 150 கிராம்கூட வரும். ஆக, கப் சரியாக இருந்தாலும் கை மாறினால் அளவு மாறும்.

எடையின் அருமையை சிவகாசி பக்கம் எம். புதுப்பட்டியில் யாரும் விளக்க வேண்டியதில்லை. பட்டாசு ஆலைகளில் எவ்வளவு மருந்து இருக்கலாம் என்பதற்கு கிலோ கணக்கில் வரம்பு உண்டு. அங்கே குத்துமதிப்பு உயிருக்கே ஆபத்து. கேக் சொதப்பினால் உயிர் போகாதுதான். ஆனால் வீட்டிலிருந்தே பிறந்தநாள் ஆர்டர் எடுக்கும் ஒரு பெண்ணுக்கு வெண்ணெய், முட்டை, கேஸ், அன்றைய வருமானம் எல்லாம் போகும். அடுத்த ஆர்டரும் சந்தேகம்தான்.

இது புதுச் சிக்கலும் இல்லை. 8 ஆழாக்கு ஒரு படி என்பார்கள். ஆனால் அந்தப் படியே ஊருக்கு ஊர் மாறியது. 1956-ல் வந்த எடை, அளவைச் சட்டம் நாடு முழுக்க மெட்ரிக் முறையைக் கொண்டுவந்தது. மளிகைக் கடை கிலோவுக்கு மாறிவிட்டது, ரெசிபிதான் இன்னும் மாறவில்லை.

கையில் வைத்துக்கொள்ள ஒரு கணக்கு (240 மி.லி. கப், தோராயமாக):

• மைதா – 120 கிராம்
• சர்க்கரை – 200 கிராம்
• வெண்ணெய் – 225 கிராம்
• டேபிள்ஸ்பூன் – 15 மி.லி. (ஆஸ்திரேலியாவில் 20)
• டீஸ்பூன் – 5 மி.லி.
• ஒரு அவுன்ஸ் எடை – 28 கிராம்
• 350 டிகிரி ஃபாரன்ஹீட் – சுமார் 180 டிகிரி செல்சியஸ்

இதைவிட எளிய வழி, ஒரு டிஜிட்டல் தராசு. பாத்திரத்தை வைத்து ‘டேர்’ பட்டனை அழுத்தினால் எடை பூஜ்ஜியமாகும். அதே பாத்திரத்தில் ஒவ்வொன்றாகக் கொட்டி அளக்கலாம். ஒன்று மட்டும் கவனம்: பேக்கிங் சோடா மாதிரி ஓரிரு கிராம் பொருட்களைச் சாதாரண கிச்சன் தராசு துல்லியமாகக் காட்டாது. அதற்குத் தலைதட்டிய அளவு ஸ்பூனே நல்லது.

பொறுப்பு சமைப்பவருக்கு மட்டுமல்ல. ரெசிபி போடுபவர்கள் வீடியோவுக்குக் கீழே கிராம் அளவையும் எழுதலாம். முடியாவிட்டால், கப் எத்தனை மி.லி. என்றாவது சொல்லலாம். அவர்களுக்கு அது ஒரு வரி வேலை. அதை நம்பி மாவு கலக்குபவருக்கோ ஒரு நாள் உழைப்பு.