டூட்டி நேரத்து போன்



ட்ரிப்ஸ் பாட்டில் தீரப்போகிறது, சிஸ்டர் போனைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். அம்பத்தூரோ ஆவடியோ பூவிருந்தவல்லியோ, ஆஸ்பத்திரியில் இரவு துணைக்கு உட்கார்ந்தவர்களுக்கு அந்தக் கோபம் தெரியும். நியாயமான கோபம்தான். ஆனால் அந்தப் போனில் அவர் எதைப் பார்க்கிறார் என்று கேட்டுப் பாருங்கள்.

மகனின் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் வந்திருக்கும் வீட்டுப்பாடம். மாமியார் சர்க்கரை மாத்திரை போட்டாரா என்ற விசாரிப்பு. கடன் தவணை. பட்டாபிராமிலிருந்தோ திருவள்ளூரிலிருந்தோ லோக்கல் ரயிலில் வருபவர் என்றால், டூட்டி முடிந்ததும் எந்த வண்டி கிடைக்கும் என்ற கணக்கு. கேரளத்திலிருந்தும் மணிப்பூரிலிருந்தும் வந்து ஹாஸ்டலில் தங்கி வேலை பார்க்கும் பெண்களுக்கு, அம்மாவின் முகம் தெரிவது அந்தச் சின்னத் திரையில்தான். இன்னும் சிலர் அரசு வேலைக்கான எம்.ஆர்.பி. தேர்வு வாரியத்தின் அறிவிப்பு வந்துவிட்டதா என்று பார்க்கிறார்கள். வளைகுடா வேலைக்கான ப்ரோமெட்ரிக் தேர்வுக்குக் கேள்விகளைப் போட்டுப் பார்க்கிறார்கள். ரீல்ஸ் பார்ப்பவர்களும் உண்டு. தனியார் மருத்துவமனைகள் பலவற்றில் டூட்டி 12 மணி நேரம். வீட்டைப் பார்த்துக்கொள்ள வேறு நேரம் அவர்களுக்கு எங்கே இருக்கிறது?

இதற்கு மறுபக்கமும் உண்டு; அதை நாம் அதிகம் பேசுவதில்லை. வேலைதான் முதலில் இவர்களுடைய போனுக்குள் புகுந்தது. கர்ப்பிணிகளின் விவரம் பிக்மி என்ற அரசுப் பதிவுத் தளத்தில் ஏற வேண்டும். 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், வீடு வீடாகப் போய் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கும் பெண்கள், பார்த்ததைச் செயலியில் பதிய வேண்டும். பட்டியல் அனுப்பு, போட்டோ அனுப்பு என்று இரவு சாப்பாட்டு நேரத்திலும் குழுவில் செய்தி வரும். வீட்டு நேரத்தில் டூட்டி நுழைவதை யாரும் ஒழுங்கீனம் என்று சொல்வதில்லை.

2022 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, அலுவலக நேரத்தில் அரசு ஊழியர்கள் சொந்தக் காரியத்துக்குச் செல்போன் பயன்படுத்துவதைக் கட்டுப்படுத்த விதிமுறை வகுக்கும்படி அரசுக்கு உத்தரவிட்டது. திருச்சியில் சுகாதாரத் துறையின் மண்டலப் பணிமனையில் வேலை பார்த்த ஓர் ஊழியரின் வழக்கிலிருந்து வந்தது அந்த உத்தரவு. உடன் பணிபுரிந்தவர்களை அவர் வீடியோ எடுத்ததாகப் புகார். அப்படிச் செய்வதை யாரும் ஆதரிக்க முடியாது. ஆனால் அந்த வழக்கையும், நள்ளிரவில் காய்ச்சல் குழந்தையைப் பற்றி வீட்டுக்கு விசாரிக்கும் ஒரு செவிலியரையும் ஒரே தட்டில் வைத்துவிடக் கூடாது.

அமெரிக்காவில் புளோரிடா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு மருத்துவமனையின் அவசரச் சிகிச்சைப் பிரிவுக் கணினிகளில் ஃபேஸ்புக் எவ்வளவு நேரம் திறந்திருந்தது என்று 15 நாள் கணக்கெடுத்து, 2013இல் வெளியிட்டார்கள். பகலைவிட இரவுப் பணியில் பல மடங்கு அதிகம். வேலை இல்லாத நேரத்தில்தான் பார்ப்பார்கள் என்றுதானே நினைப்போம்? நோயாளிகளின் நெருக்கடி கூடியபோதும் பயன்பாடு கூடியிருந்தது. சோம்பேறித்தனம் என்று ஒதுக்கிவிட்டால் இந்தக் கணக்குக்கு விளக்கம் கிடைக்காது. அடுத்த படுக்கைக்குப் போகுமுன் மனம் இரண்டு நிமிடம் வேறெங்காவது இருக்கத் தவிக்கிறது என்றே நான் நினைக்கிறேன்.

ஆனாலும் மருந்து அளக்கும்போதும் ஊசி போடும்போதும் போன் கையில் இருக்கவே கூடாது. நோயாளியின் படம் எந்தக் குழுவுக்கும் போகக் கூடாது. காயத்துக்குக் கட்டுப் போட்ட கையோடு திரையைத் தொட்டால் கிருமியும் கூடவே வரும். இவற்றில் சலுகை கேட்க ஒன்றுமில்லை. பூவிருந்தவல்லி பொது சுகாதார நிறுவனத்தில் பயிற்சிக்கு வருகிறவர்களிடம் இதை விரிவாகப் பேசலாம்.

அதே அக்கறையோடு நிர்வாகங்களிடம் கேட்க வேண்டியதும் உண்டு. இரவில் பதினைந்து நிமிடம் உட்கார ஓர் அறை. அந்த நேரத்தில் வார்டைப் பார்த்துக்கொள்ள இன்னொரு ஆள். அவசரத்துக்கு வீட்டார் கூப்பிட, எடுத்துப் பேச ஆள் உள்ள ஒரு தரைவழித் தொலைபேசி. இவை எதுவும் தராமல் போனை மட்டும் வாங்கிப் பெட்டியில் பூட்டினால், பயத்தோடு ஒளித்துப் பார்க்கும் பழக்கம்தான் வளரும்.

செவிலியர்கள், லேப் டெக்னீஷியன்கள், 108 வண்டியில் ஓடும் தம்பிமார், சுகாதாரத் தன்னார்வலர்கள் எங்களுக்கு எழுதுங்கள். உங்கள் டூட்டி எத்தனை மணி நேரம், இடையில் எங்கே உட்காருகிறீர்கள், வீட்டிலிருந்து கூப்பிட்டால் என்ன செய்கிறீர்கள்? பெயரும் மருத்துவமனையும் வெளிவராது. வார்டில் துணைக்கு இருந்தவர்களும் எழுதலாம், கோபமாகவே எழுதினாலும் சரி. இரண்டு பக்கக் கடிதங்களையும் சேர்த்தே வெளியிடுவோம்.

அன்புடன்,
ஆசிரியர்