துபாஷி பரணில் இருந்தார்

"டேய், அந்த கம்ப்யூட்டர் டிக்கு டிக்குனு சத்தம் போடுதுடா" என்றார் அப்பா. ஞாயிற்றுக்கிழமை காலை. முதல் காபி இன்னும் தொண்டைக்குழியைத் தாண்டவில்லை.

எங்கள் வீட்டுச் சுவர்க்கடிகாரம் நின்று மூன்று மாதம் ஆகிறது. ஆகவே எங்கிருந்தாவது டிக் டிக் என்று கேட்டால் நியாயமாக சந்தோஷப்பட வேண்டும். ஆனால் கம்ப்யூட்டருக்குள்ளிருந்து கேட்டால் கூடாது. ஹார்ட் டிஸ்க் தன் கடைசி நாட்களை எண்ண ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம்.

கம்ப்யூட்டர் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். 2004-ல், நான் எட்டாவது படித்தபோது வந்த அசெம்பிள்டு பெட்டி. விண்டோஸ் எக்ஸ்.பி., 40 ஜி.பி. டிஸ்க், 256 எம்.பி. மெமரி. இன்றைக்கு என் செல்போனில் இதைப்போல முப்பத்திரண்டு மடங்கு மெமரி இருக்கிறது. அதில் நான் பார்ப்பது பூனை வீடியோ.

அப்பா ரிட்டயர்ட் ஹெட் கிளார்க். இருபது வருஷமாக வீட்டு வரவு செலவை அந்தப் பெட்டியில்தான் டைப் அடித்து வைத்திருக்கிறார். வருஷத்துக்கு ஒரு முறை நான், "அந்தக் குப்பையைத் தூக்கிப் போடுங்கப்பா" என்பேன். அவர், "ஓடுதுல்ல?" என்பார். விவாதம் அத்துடன் முடியும்.

இப்போது ஓடாது போலிருக்கிறது. உள்ளே கணக்கோடு தங்கை கல்யாண போட்டோக்கள், பாட்டியின் கடைசிப் பொங்கல் எல்லாம் இருக்கிறது. மொத்தம் 11 ஜி.பி.

"அஞ்சு நிமிஷ வேலைப்பா" என்றேன். சரித்திரத்தில் பெரிய தோல்விகள் எல்லாமே இந்த மாதிரி ஒரு வாக்கியத்தில்தான் ஆரம்பித்திருக்கின்றன.

முதலில் பென் டிரைவ். புத்தம்புதுசு, 128 ஜி.பி. சொருகியதும் எக்ஸ்.பி. ஒரு தடவை முழித்துவிட்டு, "இதை ஃபார்மட் செய்யட்டுமா?" என்று கேட்டது. பெரிய பென் டிரைவ்கள் எக்ஸ்ஃபேட் என்கிற முறையில் வருகின்றன. அதற்கென்று ஒரு அப்டேட் போடாத எக்ஸ்.பி.க்கு அது புரியாது. புரியாத எதையும் அழித்துவிடலாமா என்று கேட்பது மனிதர்களிடம் மட்டுமே இருக்கும் குணம் என்று நினைத்திருந்தேன்.

பழைய 8 ஜி.பி. பென் டிரைவ் ஒன்றைத் தேடி எடுத்தேன். அது புரிந்தது. ஆனால் பெட்டியின் யு.எஸ்.பி. ஓட்டைக்கு வயதாகிவிட்டது. மூன்று போட்டோ போனதும் கையை உதறிவிடுகிறது. மறுபடி சொருகினால் இன்னும் மூன்று. இந்த வேகத்தில் போனால் தங்கையின் கல்யாணம் முடிவதற்குள் அவள் பையன் கல்யாணம் வந்துவிடும்.

"டிஸ்கைக் கழற்றி வெளியில் மாட்டி எடுத்துடலாமா?" என்றேன். அதற்கென்று கன்வர்ட்டர் வயர் கடையில் கிடைக்கிறது.

"திறந்தா மறுபடி ஓடாது" என்றார் அப்பா, ஆபரேஷன் தியேட்டர் வாசலில் நிற்பவர் குரலில்.

சரி, நெட்வொர்க். பழைய பெட்டியின் பின்னால் நெட் வயர் சொருகும் இடம் நன்றாகவே இருந்தது. ரவுட்டரோடு இணைத்தேன். எக்ஸ்.பி.யில் அந்த ஃபோல்டரை ஷேர் செய்தேன். ஃபயர்வாலில் ஃபைல் ஷேரிங்குக்கு அனுமதி கொடுத்தேன். என் புது லேப்டாப்பில், விண்டோஸ் 11, நெட்வொர்க் பக்கத்தைத் திறந்தேன்.

யாருமே இல்லை. ஈ, காக்கா இல்லை.

லேப்டாப்பிலிருந்து 'பிங்' அடித்துப் பார்த்தேன். பிங் என்பது வேறொன்றுமில்லை. ஒரு மெஷின் இன்னொன்றைப் பார்த்து "இருக்கியா?" என்று கேட்பது. "இருக்கேன்" என்று நாலு தடவை பதில் வந்தது. ஆக வயரில் கோளாறு இல்லை. வொர்க்குரூப் பெயரைப் பார்த்தேன். எக்ஸ்.பி. ஹோம் எடிஷன் தன்னைப் பிறவியிலேயே 'எம்.எஸ்.ஹோம்' கோஷ்டி என்று சொல்லிக்கொள்ளும். மற்றவர்கள் 'வொர்க்குரூப்' கோஷ்டி. ஒரே தெருவில் குடியிருந்தும் வேறு வேறு வார்டு ஓட்டர் லிஸ்ட்! அதையும் மாற்றினேன். ஊஹும்.

கடைசியில் பெயரை விட்டுவிட்டு, பழைய பெட்டியின் ஐ.பி. எண்ணையே நேரடியாக அடித்தேன். அப்போதுதான் என் லேப்டாப் வாயைத் திறந்தது. அது சொன்னதின் சாரம்: 'அந்த மெஷின் எஸ்.எம்.பி. ஒன்று என்கிற காலாவதியான பாஷையில் பேசுகிறது. ஆபத்து. நான் பேசமாட்டேன்.'

அடப்பாவி! போன வருஷம் வந்த பயல், இருபது வருஷம் உழைத்த பெரியவரைப் பார்த்து இப்படியா பேசுவது?

ஆபீஸில் சிஸ்டம்ஸ் பார்க்கும் பையனுக்குப் போன் போட்டேன். ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டதற்கு அவன் விட்ட பெருமூச்சை இங்கே அச்சிட இயலாது.

"ஸார், அது திமிர் இல்ல. பயம்" என்றான். சொன்னதைச் சுருக்கித் தருகிறேன்.

ஒரு கம்ப்யூட்டர் இன்னொன்றிடம் ஃபைல் கேட்கிற பாஷைதான் எஸ்.எம்.பி. எண்பதுகளில் ஐ.பி.எம். கம்பெனியில் பிறந்தது. எக்ஸ்.பி.க்கு அதில் முதல் பதிப்பு மட்டும்தான் தெரியும். விஸ்டா வந்தபோது இரண்டாம் பதிப்பு வந்தது. எக்ஸ்.பி. அதைக் கற்றுக்கொள்ளவே இல்லை. 2014 ஏப்ரலோடு அதற்குப் பாடம் சொல்லிக்கொடுப்பதையும் நிறுத்திவிட்டார்கள்.

2017 மே 12 அன்று 'வான்னாக்ரை' கிளம்பியது. இந்த முதல் பதிப்பில் இருந்த ஒரு ஓட்டை வழியாக நுழைந்து, ஃபைல்களையெல்லாம் பூட்டிவிட்டு, சாவிக்கு 300 டாலர் கேட்டது. யாரும் எதையும் கிளிக் செய்யவேண்டிய அவசியம்கூட இல்லை. ஒரு மெஷினில் புகுந்தால் பக்கத்து மெஷினுக்குத் தானாகவே தாவும். சுமார் 150 நாடுகளில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கம்ப்யூட்டர்கள் மாட்டின. இங்கிலாந்தில் அரசு ஆஸ்பத்திரிகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்பின. இத்தனைக்கும் அந்த ஓட்டையை அடைக்கும் ஒட்டு மார்ச் மாதமே வந்துவிட்டது. போட்டுக்கொள்ளத்தான் பலருக்கு நேரமில்லை. (நாமும் 'பிறகு நினைவூட்டு' பட்டனை அழுத்துகிற ஜாதிதானே!) அந்தக் களேபரத்தில், கைவிடப்பட்ட எக்ஸ்.பி.க்குக்கூட விசேஷமாக ஒரு ஒட்டு வெளியிட்டார்கள்.

அந்த வருஷம் அக்டோபரில் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து, புதிதாக நிறுவும் மெஷின்களில் இந்தப் பழைய பாஷையை வைப்பதையே விட்டுவிட்டார்கள். சூடு கண்ட பூனை.

"வேணும்னா விண்டோஸ் ஃபீச்சர்ஸ்ல போய் ஒரு டிக் போட்டா மறுபடி பேசும் ஸார். ஆனா நீங்க போடாதீங்க. அது நீங்க ஆபீஸ் வேலை பாக்குற லேப்டாப். வீட்டுல வேற மெஷின் இருக்கா? விண்டோஸ் 7 மாதிரி?"

"எதுக்கு?"

"அதுக்கு ரெண்டு பாஷையும் தெரியும் ஸார்."

எனக்குப் பளிச்சென்றது. வெள்ளைக்காரன் காலத்தில் நம்மூரில் துபாஷி என்று ஒருவர் இருப்பார். அவன் சொல்வதை இவனுக்கும் இவன் சொல்வதை அவனுக்கும் சொல்லி, நடுவில் இரண்டு வீடும் கட்டிக்கொள்வார். அந்த மாதிரி ஒரு ஆள் வேண்டும்.

ஆள் பரணில் இருந்தார். தங்கை காலேஜ் படித்தபோது, 2011-ல் வாங்கிய லேப்டாப். பித்தளை அண்டாவுக்கும் பழைய தலையணைக்கும் நடுவில் தூங்கிக்கொண்டிருந்தார். பேட்டரி போய்விட்டது, பிளக்கில் சொருகினால்தான் உயிர். இவருக்கும் பாதுகாப்பு ஒட்டுகள் 2020 ஜனவரியோடு நின்றுவிட்டன. ஆகவே பழசுகள் இரண்டையும் விழிக்க வைத்ததும், ரவுட்டருக்கு வெளியிலிருந்து வரும் இன்டர்நெட் வயரைப் பிடுங்கிவிட்டேன். பெரியவர்கள் பேசும்போது தெருக்கதவைச் சாத்திக்கொள்வது நல்லது.

"என்னடா, சீரியல் நின்னுபோச்சு!" என்று ஹாலிலிருந்து குரல். வாரம் முழுக்க விட்டுப்போனதை அம்மா ஞாயிற்றுக்கிழமை இன்டர்நெட்டில் சேர்த்துப் பார்ப்பது வழக்கம்.

"அஞ்சு நிமிஷம்மா" என்றேன், திருந்தாமல்.

துபாஷி, பெரியவரைப் பார்த்ததும் தடையில்லாமல் பேசினார். ஃபோல்டர் திறந்தது. சாதாரண காப்பி போட்டால் கெட்டுப்போன ஃபைல் வரும் இடத்தில் நின்று என்ன செய்வது என்று கேட்டுக்கொண்டே இருக்கும். அதனால் 'ரோபோகாப்பி' என்கிற கட்டளையைப் பயன்படுத்தச் சொல்லியிருந்தான் பையன். ஆனால் ஓர் எச்சரிக்கை. நாம் எதுவும் சொல்லாவிட்டால், படிக்க முடியாத ஒரு ஃபைலை அது 10 லட்சம் தடவை முயற்சி செய்யும், ஒவ்வொரு தடவைக்கும் 30 விநாடி ஓய்வெடுத்துக்கொண்டு. கணக்குப் போட்டேன். 347 நாள்! இன்ஷூரன்ஸ் ஏஜென்ட்கூட அதற்குள் விட்டுவிடுவார். 'ஒரே தடவை மறுமுயற்சி, ஒரு விநாடி ஓய்வு' என்று சொல்லி அனுப்பினேன்.

டிக், டிக், டிக். அப்பா பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். ஒன்றும் பேசவில்லை.

ஒன்றேகால் மணி நேரம். நாலே நாலு போட்டோ வரவில்லை. நாலும் நான் முதன்முதலாக மீசை வளர்க்க முயன்ற காலத்தவை. ஹார்ட் டிஸ்குக்கும் ஒரு ரசனை இருந்திருக்கிறது.

பழைய பெட்டியை அணைத்தோம். இனி துபாஷியிடமிருந்து என் லேப்டாப்புக்கு. இங்கே வேறு தகராறு. புதியவர் பாஸ்வேர்டு இல்லாத வீட்டில் கை நனைக்கமாட்டாராம். தங்கை அந்த லேப்டாப்புக்குப் பாஸ்வேர்டே வைக்கவில்லை. துபாஷியிடம் போய் அவள் கணக்குக்கு ஒரு பாஸ்வேர்டு வைத்துவிட்டு, புதியவரிடம் அதே பெயரையும் பாஸ்வேர்டையும் கொடுத்தேன். கதவு திறந்தது. இருபதே நிமிஷத்தில் எல்லாம் வந்து சேர்ந்தது.

வெற்றிப் புன்னகையோடு அப்பாவின் கணக்கு ஃபைலைத் திறந்தேன். உள்ளே ஆங்கில எழுத்தும், அரைப்புள்ளியும், அடைப்புக்குறியுமாக இறைந்து கிடந்தது.

"போச்சா?" என்றார் அப்பா. முகம் சுண்டிவிட்டது.

போகவில்லை. யூனிகோட் பரவாத அந்தக் காலத்துத் தமிழ் எழுத்துருக்கள், ஆங்கில எழுத்துகளின் நாற்காலியில் தமிழ் எழுத்துகளை உட்கார வைத்தவை. யார் எதில் உட்காருவது என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். 1999-ல் டாம், டாப் என்று ஒழுங்கு செய்தார்கள். 2010-ல் தமிழக அரசு யூனிகோடை ஏற்றது. அப்பாவின் ஃபைலுக்கு அந்தப் பழைய எழுத்துரு இருந்தால்தான் தமிழ் தெரியும். அது பழைய பெட்டியின் விண்டோஸ் ஃபோல்டருக்குள் 'ஃபான்ட்ஸ்' என்ற அறையில் இருந்தது. பெட்டியை மறுபடி எழுப்பி, அதே துபாஷி வழியாக அதையும் கொண்டுவந்து போட்டேன்.

எழுத்துகள் எழுந்து நின்றன. 'பால் கார்டு. கேஸ். அம்மா பிரஷர் மாத்திரை.' முதல் பக்கத்துக்குப் போனேன். 2004 ஜூன்.

'கம்ப்யூட்டர், பையனுக்கு: 27,500. பி.எஃப். லோன்: 20,000. மீதி: வளையல்.'

அவ்வளவுதான் எழுதியிருந்தது.

அப்பா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் குப்பை என்று இத்தனை வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தது எதை என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. சொல்வதற்கு வேறொன்றும் தோன்றாமல், "அந்தப் பெட்டி அங்கேயே இருக்கட்டும்ப்பா. நெட் வயர் மட்டும் வேண்டாம்" என்றேன்.

"சரி" என்றார்.

பழசுகள் இரண்டையும் அணைத்துவிட்டு இன்டர்நெட் வயரைத் திரும்பச் சொருகினேன். சீரியல் வந்ததா என்று பார்க்க எழுந்த அம்மா, போகிற வழியில் நின்று லேப்டாப்பை எட்டிப் பார்த்தாள். படித்தாள்.

"எல்லாம் வந்துடுச்சாடா?"

"வந்துடுச்சும்மா."

"வளையல்?" என்று கேட்டுவிட்டு ஹாலுக்குப் போய்விட்டாள்.